சிறுவாடும் மனைநிலமும்



கொங்கு நாட்டில் ‘சிறுவாடு’ என்றொரு சொல் வழங்குகிறது. பால் விற்ற காசிலும் முட்டை விற்ற காசிலும் வீட்டுத் தலைவி கணவன் அறியாமல் சிறுகச் சிறுக எடுத்து வைக்கும் பணத்துக்கு அப்பெயர். அரிசிப் பானையிலோ, அஞ்சறைப் பெட்டியிலோ, பழஞ்சேலையின் மடிப்பிலோ அது கிடக்கும். கணவன் அறியாமல் என்றேன். பெரும்பாலும் அவனும் அறிவான், அறியாதவன்போல் இருந்துகொள்வான். நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் அந்தப் பணம் வெளியே வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். சேமிப்பைப் பற்றி மாணவருக்கு எத்தனையோ இலக்கணம் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் எதிலும் சிறுவாட்டுக்கு இடம் இருந்ததில்லை. குடும்பங்களின் வரவையும் இருப்பையும் அளக்க முயன்ற அறிஞர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணாமல் விட்டார்கள் என்பதை இன்று உங்களோடு சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இம்முயற்சியின் தொடக்கத்திலேயே நம் கோவைக்குப் பங்கு உண்டு. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் விவரநூலை எழுதி வெளியிட்ட பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரிதான், பின்னர் சென்னை மாகாண உழவரின் கடனை ஆராயுமாறு அரசினரால் பணிக்கப்பட்டார். அவருடைய அறிக்கைகள் 1895இலும் 1897இலும் வெளிவந்தன. மாகாணத்து உழவர்களின் மொத்தக் கடன் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறப்பதற்கு அவ்வறிக்கைகளும் ஒரு காரணம். கடனை முதலில் எண்ணினார்கள் என்பதைக் கவனியுங்கள். செல்வத்தை எண்ணும் எண்ணம் வெகுகாலம் கழித்தே வந்தது. ஏழையின் கடன் ஊரறிந்தது. செல்வரின் இருப்பை யார் போய்க் கேட்பது!

விடுதலைக்குப் பின்னர், 1951-52இல் நாடு முழுவதும் சிற்றூர்க் கடன் ஆய்வு ஒன்று நடந்தது. அதன் வழியில் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கடனும் சொத்தும் சேர்த்து அளக்கப்பட்டு வருகின்றன. 2019இல் நடந்த ஆய்வின்படி நகரத்துக் குடும்பம் ஒன்றின் சராசரிச் சொத்து ஏறத்தாழ 27 லட்சம் ரூபாய். இதைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நகரத்துச் சொத்து முழுவதையும் நூறு பங்காக்கினால், மேலே உள்ள பத்தில் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் 55.7 பங்கு இருக்கிறது. கீழ்ப்பாதிக் குடும்பங்கள் அத்தனைக்கும் சேர்த்து 6.2 பங்குதான். கணக்கிட்டுப் பார்த்தால் கீழ்ப்பாதியில் குடும்பத்துக்குச் சராசரி மூன்றரை லட்சம்கூட வரவில்லை.

சராசரி என்பது இப்படிப்பட்ட பொல்லாத எண். 1963இல் நாடாளுமன்றத்தில் இதைக் குறித்தே பெரும் வழக்கு நடந்தது. நாட்டு மக்களில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. இல்லை, பதினைந்தணா என்று பிரதமர் நேரு மறுத்தார். ஒருவர் கீழ்ப்படியில் இருந்தவரை எண்ணினார். மற்றவர் எல்லாரையும் சேர்த்து வகுத்துச் சொன்னார். வகுத்தல் கணக்கில் யாருடைய பசியும் தெரிவதில்லை.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லலாம். நான் வாழ்வது ஆர்.எஸ்.புரத்தில். நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. என் தந்தையார் ஓர் ஆலையில் கணக்கர். இங்கே ஐந்தரை சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தபோது, அவரிடம் இருந்த பணம் போதவில்லை. என் தாயார் அடுக்களைக்குள் சென்று ஒரு துணிமுடிச்சை எடுத்து வந்து அவர் முன் வைத்தார். பதினோராண்டுச் சிறுவாடு அது. இரண்டு வளையலும் உடன் சென்றன. மனை எங்களுடையதாயிற்று.

நான் வேலையில் சேர்ந்து ஓய்வு பெற்ற நாள்வரை வாங்கிய சம்பளம் முழுவதையும், ஒரு காசும் செலவிடாமல் சேர்த்து வைத்திருந்தாலும், இன்று அந்த ஐந்தரை சென்ட் நிலத்தின் விலைக்கு அருகில் வராது. நான் நாள்தோறும் உழைத்தேன். நிலம் சும்மா கிடந்தது. என்னைவிட அது மிகுதியாக ஈட்டிவிட்டது. என்னைச் சிக்கனமானவன் என்று உறவினர் புகழும்போது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கும்.

இது என் ஒருவன் கதையன்று. தருண் இராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017இல் அளித்த அறிக்கையின்படி, இந்தியக் குடும்பங்களின் சொத்தில் நூற்றுக்கு 77 பங்கு நிலமும் வீடும். 11 பங்கு தங்கம். வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் முதலியவை எல்லாம் சேர்த்து வெறும் 5 பங்கு. தமிழ்நாட்டிலோ தங்கமே கால்பங்குக்கு மேல். ஆகவே, நிலம் உள்ளவருக்கு விலையேற்றம் தானே வந்து சேர்கிறது. நிலம் இல்லாதவர் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் ஏறவேண்டும். அவர் ஓர் அடி ஏறுவதற்குள் மனையின் விலை பத்தடி ஏறிவிடுகிறது.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் என்ற அம்மையார் 1981-82 முதல் கோவை வட்டாரத்துச் சில சிற்றூர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்து குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தவர். பண்ணையாள் முறை தேய்ந்ததையும், கூலி உயர்ந்ததையும் அவர் எழுதினார்; நிலமற்றோர் பெரும்பாலும் நிலமற்றோராகவே நின்றதையும் எழுதினார். தோட்டம் உடைய குடும்பங்களில் மகளின் திருமணமும் சீரும் முதலைத் திரட்டவும் பங்கிடவும் எப்படி வழியாகின்றன என்பதை 1992இல் ஒரு தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார். நாம் சடங்கு என்று எண்ணியதை அவர் மூலதனம் என்று கண்டார். வெளியிலிருந்து வருபவருக்குச் சில சமயம் கண் கூர்மைதான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கித் தருகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கேள்வித்தாள் ஒன்று தயாரித்திருந்த நான், ஒருநாள் அவரிடமே அதைச் சோதித்துப் பார்த்தேன். வரவு கேட்டேன், சொன்னார். கடன் கேட்டேன், அதையும் விரல் மடக்கிச் சொன்னார். “சேமிப்பு ஏதாவது உண்டா?” என்றேன்.

“நமக்கெல்லாம் எங்கீங்க ஐயா சேமிப்பு?” என்று சிரித்தார்.

கட்டத்தில் சுழியம் இட்டேன். மூன்று திங்கள் கழித்து அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நான் உதவலாமென்று பணம் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதை வாங்கவில்லை. ஏலச்சீட்டு எடுத்தாயிற்று, நகைச்சீட்டில் சேர்ந்த ஒரு சவரனையும் அடகு வைத்தாயிற்று என்றார். அவர் வருமானத்தோடு ஒப்பிட்டால், என் சேமிப்பைவிட அவருடையது பெரிது. ஆயினும் சீட்டுக்குத் தள்ளுபடி போயிற்று, அடகுக்கு வட்டி போகிறது. என் தாயாரின் முடிச்சு ஒரு மனையாயிற்று. இவருடைய முடிச்சு மகளின் ஓராண்டுப் படிப்பாயிற்று.

அளவு தப்புவது கீழே மட்டுமன்று. வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளர் பெருஞ்செல்வரின் வாயில் காவலனைத் தாண்டுவது அரிது. தாண்டினாலும் முழுமையான விடை கிடைப்பது அதனினும் அரிது. ஆகவேதான் தாமஸ் பிக்கெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் வருமான வரிக் கணக்குகளையும் பெருஞ்செல்வர் பட்டியல்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2024இல் வெளிவந்த அவர்கள் கணக்கின்படி, 2022-23இல் நாட்டின் செல்வத்தில் நூற்றுக்கு 40 பங்கு, நூற்றில் ஒருவரான மேல்தட்டினரிடம் இருந்தது. இம்முறையில் குறை காண்பவர்களும் உண்டு. வரிக் கணக்குக் கொடுப்போரே மக்களில் சிறு பகுதியினர்தாம் என்பது அவர்கள் வாதம்; அதில் பொருள் இல்லாமலில்லை. ஆனால் உச்சியில் உள்ள செல்வம் வீட்டுக்கு வீடு கேட்கும் ஆய்வில் குறைவாகவே பதிவாகிறது என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏழைகள் சிக்கனம் பழகவேண்டும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம், நானே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல நா எழவில்லை. சேமிக்கத் தெரியாதவர் அல்லர் அவர்கள். சேமித்ததை வைக்க, வட்டியும் தள்ளுபடியும் தின்னாத ஓர் இடம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

அந்தக் கேள்வித்தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சுழியத்தை அடித்துவிட்டுச் சரியான தொகையை எழுதலாமென்று அந்த அம்மாளிடம் கேட்டேன். “வேண்டாமுங்க ஐயா, வீட்டுக்காரர் காதுல விழுந்துரும்” என்று சொல்லிவிட்டார்.