வெங்காரமும் அதன் எல்லையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்யப்பட்ட சொற்பொழிவு)



நமது கூட்டங்களிலே பெரும்பாலும் மாணவர் உபகாரச் சம்பளம், திருமண உதவி, கோயில் மண்டகப்படி ஆகிய விஷயங்களே பேசப்படுகின்றன. அவை வேண்டியனவே. இன்று அடியேன் எடுத்துக்கொண்டதோ ஒரு சாதாரண உப்பு. செம்பையும் பித்தளையையும் நெருப்பில் இணைக்கும்பொழுது, பற்றுப்பொடிக்குத் துணையாக இடும் வெங்காரமே அது. ஒரு பிடி உப்பைப்பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். கேட்டபின் நகைப்பது நலம்.

இதைப் பேச நேர்ந்த காரணம் யாதெனில், கன்னார் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் துருத்தியை விட்டு வேறு தொழிலுக்குப் போயிருக்கின்றனர். ஐ.டி.ஐ.யிலே குளிர்சாதனத் தொழிலை இரண்டாண்டு பயின்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளிலும், சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டடங்களிலும் செப்புக் குழாய்களை இணைக்கின்றனர். ஆகவே குடத்திற்குப் பற்றுவைத்த கையே இன்று குழாய்க்குப் பற்றுவைக்கின்றது. இவர்களுள் ஒரு சாரார், "தாத்தா வைத்த வெங்காரம் எல்லாவற்றுக்கும் போதும்" என்கின்றனர். மற்றொரு சாரார், "அது பழங்காலச் சரக்கு, கடையில் விற்கும் பிளக்ஸ் இருக்க அது எதற்கு?" என்கின்றனர். இருவர் கூற்றிலும் பாதி உண்மையே உண்டு. வெங்காரத்திற்கு ஓர் எல்லை இருக்கின்றது. அவ்வெல்லை உஷ்ணத்தினால் ஏற்பட்டது. அதனை அறியாமற் செய்யும் இணைப்பு பார்வைக்கு அழகாயிருந்து பின்னர் ஒழுகும்.

பழைய செப்புக்குடம் ஒன்றை எடுத்து அதன் இடுப்பை உற்று நோக்குங்கள். சிவந்த செம்பின் நடுவே மஞ்சள் நிறமாகப் பல்வரிசைபோல் ஒரு கோடு சுற்றிச் செல்லும். மேற்பாதியின் விளிம்பைப் பற்களாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளும் வெளியுமாகக் கீழ்ப்பாதியின் விளிம்பைக் கவ்வச்செய்து, தட்டிப் படியவைத்து, வெங்காரமும் பித்தளைப் பொடியும் நீரிற் குழைத்து இட்டு, உலையிற் காய்ச்சி ஓடவிட்ட அடையாளம் அது. செம்பும் துத்தநாகமும் ஏறத்தாழச் சமபாகமாகக் கலந்த அப்பொடி சுமார் 870 முதல் 880 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு உருகுவதற்கோ 1083 டிகிரி வேண்டும். இடையிலுள்ள இருநூறு டிகிரியே நம் முன்னோர் வேலைசெய்த களம். வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே அவ்விடைவெளியில் அவர்கள் நின்றனர்.

இப்பொடிக்குத் தமிழிலே பற்றாசு என்று பழைய பெயர் உண்டு. யாப்பிலக்கணம் படித்தவர்கள் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவார்கள். முதற்குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைக்குமாயின், ஓரசையோ ஈரசையோ இட்டு அதை ஒட்டவைப்பது ஆசு எனப்படும். புலவர்கள் தங்கள் செய்யுளின் இணைப்புக்கு நமது பட்டறையிலிருந்து பெயரைக் கடன் வாங்கினார்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை இருக்கலாம். ஆனால் அவர்கள் பற்றாசைப் பாடினார்களேயன்றி வெங்காரத்தைக் கவனிக்கவில்லை. பற்றாசு பற்றுவது வெங்காரத்தினால்.

அஃது எவ்வாறு? செம்பு நெருப்பில் காய்ந்தவுடன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கறுக்கும். அக்கறுப்பின்மீது உருகிய பொடி பரவாது. தாமரையிலை நீர்போல உருண்டு நிற்கும். உருகிய வெங்காரமோ அக்கறுப்பைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, கண்ணாடிபோல் மேலே படர்ந்து, புதிய காற்றுப் படாமல் மறைக்கும். தூய உலோகம் வெளிப்படவே பொடி அதை நனைத்துக்கொண்டு இடுக்கில் ஓடும். வெங்காரம் செய்யும் வேலை இவ்வளவே. அது எண்ணெய்ப் பசையை நீக்காது. தடித்த களிம்பை அறவே தின்னாது. அகன்ற சந்தை அடைக்காது. இம்மூன்றையும் அதன் தலையிற் சுமத்துவோர் பலர்.

முற்காலத்தில் இச்சரக்கு திபெத்திலிருந்தும் லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் இமயத்தைக் கடந்து வந்தது. ஐரோப்பியருக்கும் அவ்வழியாகவே போயிற்று. இன்று துருக்கியும் அமெரிக்காவும் உலகத்திற்கு வழங்குகின்றன. கடையில் வாங்கும் படிகத்திலே எடையில் ஏறக்குறையப் பாதி நீரே. அதை அப்படியே இட்டுக் காய்ச்சினால் அப்பளம்போற் பொங்கி, வைத்த பொடியைத் தள்ளிவிடும். இதற்காகவே பெரியவர்கள் அதை முன்னரே சட்டியிற் பொரித்து, பொரிகாரமாக்கி, கல்லில் நீர்விட்டு இழைத்துத் தடவினார்கள். பொரிப்பது வீண் வேலையென்று இன்று பலர் விட்டுவிட்டனர். பொடி விலகி ஓடுகின்றதே என்று நெருப்பைக் குறை கூறுகின்றனர்.

இனி எல்லைக்கு வருவோம். நீர் நீங்கிய வெங்காரம் 743 டிகிரியில் உருகும். பித்தளைப் பொடி 870-க்கு மேல் உருகுவது. ஆகவே பொடி உருகுமுன்பே வெங்காரம் உருகி, வழியைத் துடைத்து வைத்திருக்கும். இந்த முன்பின் வரிசையே பற்றுவைப்பின் உயிர். துணைச்சரக்கு முன்னே உருகவேண்டும். பற்று பின்னே உருகவேண்டும். பற்று ஓடி முடியும்வரை துணைச்சரக்கு வலுவிழக்காமல் இருக்கவேண்டும்.

இப்பொழுது குழாய் வேலையில் வழங்கும் வெள்ளிப் பற்றைப் பாருங்கள். நூற்றுக்கு 56 பங்கு வெள்ளியும், செம்பும், துத்தநாகமும், சிறிது தகரமும் சேர்ந்த கம்பி 618 டிகிரியில் இளகத் தொடங்கி 652-ல் முற்றும் உருகிவிடும். அவ்வுஷ்ணத்தில் வெங்காரம் இன்னும் உருகவேயில்லை! வரிசை தலைகீழாயிற்று. பற்று உருண்டு நிற்பதைக் கண்ட பையன் சுவாலையை இன்னும் ஏற்றுகின்றான். வெங்காரம் உருகுவதற்குள் பித்தளைப் பகுதி அளவுக்குமேற் காய்கின்றது. துத்தநாகம் கொதிப்பது 907 டிகிரியில். அதற்கு முன்னரே அது வெண்புகையாய்ப் போகத் தொடங்கும். பித்தளை குழிவிழுந்து, சோறுபோல் பொருக்காகின்றது. முடிவில் பற்று எப்படியோ ஓடிவிடுகின்றது. ஆனால் இணைப்பின் உள்ளே பாதிதான் நிரம்பியிருக்கும். இங்கே தவறு கையினதன்று, சரக்கினது. இத்தகைய வேலைக்குப் புளோரைடு உப்புக்கள் சேர்ந்த பிளக்ஸ் வேண்டும். அது சுமார் 565 டிகிரியிலேயே வேலையைத் தொடங்கி 870 வரையில் தாங்கும். மாறாக, பித்தளைப் பொடியிட்டுக் குடம் ஒட்டுபவர் இதை வாங்கிப் பூசினால், பொடி ஓடும் நேரத்தில் அது எரிந்து கறுத்துப்போம். அங்கே வெங்காரமே சரி.

மூன்றாவதாக ஒரு கம்பி இருக்கின்றது. செம்போடு பாஸ்பரஸ் கலந்தது. பாஸ்பரஸ் பிராணவாயுவைத் தானே பற்றிக்கொள்வதனால், செம்பையும் செம்பையும் இணைக்குமிடத்தில் பிளக்ஸ் வேண்டுவதில்லை. குளிர்சாதனக்காரர் இதையே மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். இதிலிருந்து "பிளக்ஸே வேண்டாம்" என்ற கொள்கை பிறந்துவிட்டது. ஒருபுறம் பித்தளை வால்வு வந்தால் இக்கொள்கை செல்லாது, பிளக்ஸ் வேண்டும். இரும்பு வந்தால் அக்கம்பியே ஆகாது. பாஸ்பரஸும் இரும்பும் கூடி நொறுங்கும் படலம் ஒன்று உண்டாகி, பின்னாளில் ஓர் அதிர்ச்சியில் இணைப்பு விட்டுப்போம்.

வேலை செய்யும் முறையிலே சில சொல்லவேண்டும். முதலில் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பிறகு எமரித் துணியால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்க்கவேண்டும். வரிசை மாறினால் எண்ணெயைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகும். குழாய்க்கும் அதன் கூட்டுக்கும் இடையே 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் சந்து போதும். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். இச்சிறு சந்தே பற்றை உறிஞ்சி இழுக்கும். சந்து பெரிதானால் இழுவை குறையும். பசையைச் செருகும் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் தூரிகையால் தடவுக. கூட்டின் உட்புறத்தில் அள்ளிப் பூசினால், செருகும்போது அது குழாயின் உள்ளே தள்ளப்பட்டுத் தங்கிவிடும். அங்கே கழுவ எந்தக் கையும் எட்டாது.

சுவாலையைப் பசையின்மீது காட்டலாகாது. இருபுறத்து உலோகத்தின்மீதும் வீசிக்கொண்டே இருக்கவேண்டும். செம்பு வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும்; அதற்குச் சற்று மிகுதியாகக் கொடுக்க வேண்டும். பித்தளையைப் பொறுமையாகக் காய்ச்ச வேண்டும். புளோரைடுப் பசை நமக்கு வெப்பமானியாகவும் உதவுகின்றது. முதலில் நீர் கொதித்து வற்றும். 300 டிகிரி கடந்ததும் வெண்மையாய்ப் பொங்கும். 425 அளவில் பொங்கல் அடங்கிப் பாலேடுபோற் படியும். 600-ஐ நெருங்கும்பொழுது தெளிந்த நீர்போல் ஓடி, அடியிலுள்ள உலோகம் பளபளவென்று தெரியும். அந்தக் கணமே கம்பியை இணைப்பின் வாயில் தொடவேண்டும். கம்பியை உருக்கவேண்டியது உலோகத்தின் சூடு; சுவாலையன்று. பசை கறுத்துவிட்டதா? அது கரைக்கக்கூடிய அளவைக் கரைத்து முடித்துவிட்டது என்பது பொருள். மேலே கம்பியைக் குத்திப் பயனில்லை. ஆறவிட்டு, பிரித்து, மீண்டும் தேய்த்துத் தொடங்குவதே மிச்சம்.

பிளக்ஸ் வெளிப்புறத்தைக் காக்கும். குழாயின் உட்புறத்தைக் காக்காது. உள்ளே காற்று இருக்குமாயின் செம்பு கறுத்துச் செதிள்களாய் உரியும். அச்செதிள்கள் குளிர்சாதனத்தில் நுண்துளைகளை அடைக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் மூச்சுக்குச் செல்லும் பிராணவாயுக் குழாயில் அவை இருக்கவே கூடாது. ஆதலின் அங்கே உள்ளே நைட்ரஜன் வாயுவை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே செப்புக்குச் செப்பைப் பாஸ்பரஸ் கம்பியால், பிளக்ஸ் இல்லாமல், இணைக்கின்றனர்.

எல்லாவற்றிலும் நான் வற்புறுத்த விரும்புவது கழுவுதலை. பெரும்பாலான வேலைகள் இங்கேதான் கெடுகின்றன. ஆறிய பிளக்ஸ் கண்ணாடியாய் இணைப்பின்மேல் நிற்கும். உள்ளே பற்று ஓடாத ஊசித்துளை இருந்தாலும், இக்கண்ணாடி அதை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் வைத்துச் சோதித்தால் குழாய் தாங்கும், கையொப்பமும் ஆகிவிடும். சில மாதங்கழித்து ஈரம்பட்டுக் கண்ணாடி கரைந்ததும் ஒழுக்கு தொடங்கும். நம்மூரிலே பிள்ளையார்பாளையத்துப் பக்கம் சாயக்காரர்களின் செப்புக் கொப்பரைக்கு ஒட்டுப்போட்ட அனுபவசாலிகள் இதை நன்கு உணர்வார்கள். வெங்காரக் கண்ணாடி வெந்நீரில் மெல்லக் கரைவது. ஒட்டு முதல் நாள் ஒழுகாது. பலமுறை கொதித்தபின் ஒழுகும். சாயக்காரர் செம்பு மட்டமென்பார். ஒட்டியவர் சாயத்திலுள்ள அமிலம் என்பார். புளோரைடு மிச்சமோ இன்னும் பொல்லாதது. ஈரத்தை ஈர்த்து, செம்பையும் பித்தளையையும் பச்சையாய் அரிக்கும். ஆதலின், பற்று உறைந்து சிவப்பு அடங்கியபின், 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் நனைத்துத் தூரிகையால் தேய்க்கவேண்டும். வார்ப்புப் பித்தளையைச் சூடாகவே நீரிற் போட்டால் விண்டுவிடும், சற்று ஆறவிடுக. வெங்காரக் கண்ணாடி கடினமானது. நீர்த்த கந்தகத் திராவகத்தில் ஊறவைத்துக் கழுவலாம். திராவகத்தை நீரில் விடவேண்டும். நீரைத் திராவகத்தில் விடலாகாது. கழுவிய பின்னரே சோதனை. கழுவாமற் செய்த சோதனை சோதனையன்று.

மூச்சைப்பற்றியும் ஒரு வார்த்தை. பொன்வேலை செய்யும் சகோதரர்களுக்குக் கே.டி.எம். என்ற பெயர் தெரியும். காட்மியம் என்னும் உலோகம் சேர்ந்த பற்று அது. பழைய வெள்ளிப் பற்றுக் கம்பி ஒன்றில் நூற்றுக்கு 24 பங்கு காட்மியம் இருந்தது. எளிதில் உருகி அழகாய் ஓடுவதனால் அதை விட மனம் வராது. ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் புகையை மூச்சில் இழுத்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரங்கழித்தே மார்பு அடைக்கும். உயிருக்கே மோசமாவதும் உண்டு. 1993-ல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இதைப் புற்றுநோய் விளைவிப்பதென உறுதிசெய்தது. காட்மியமற்ற கம்பிகள் இப்போது கிடைக்கின்றன. அவை சற்று அதிக உஷ்ணமும், சரியான பிளக்ஸும், நிதானமும் கேட்கும், கொடுப்போம். சமையற் பாத்திரத்திற்கும், கோயில் தளிகைப் பாத்திரத்திற்கும், தீர்த்தச் செம்புக்கும் காட்மியப் பற்றை ஒருபோதும் தொடலாகாது. புளோரைடுப் பிளக்ஸின் புகையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கதவை அடைத்துக்கொண்டு, விசிறி சுவாலையை அசைக்கின்றதே என்று அதையும் நிறுத்திவிட்டு ஊதுகின்ற வழக்கம் நம்மிடம் இருக்கின்றது. சுவாலைக்கு மறைப்பு வையுங்கள். காற்றுக்கு வழி வையுங்கள்.

ஒப்பந்தமெடுக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகின்றீர்கள். அதிலே தேய்ப்பதற்கும் கழுவுவதற்கும் நேரம் கணக்கிடப்படுவதில்லை. நாளொன்றுக்கு இத்தனை இணைப்பு முடிக்கவேண்டுமென்று நெருக்கப்பட்ட பையன், முதலில் விடுவது கழுவுதலையே. விலை பேசும்போதே அந்நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

இங்கே மேசைமேல் மூன்று இணைப்புக்களை நீளவாட்டில் அறுத்து வைத்திருக்கின்றேன். ஒன்று வெள்ளிப் பற்றுக்கு வெங்காரம் இட்டது; அதன் உட்புறத்தில் பற்று எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றதென்று பாருங்கள். மற்றொன்று அதே பற்றுக்கு உரிய பிளக்ஸ் இட்டது. மூன்றாவது, கண்ணாடி மூடிய ஊசித்துளை. பக்கத்திலுள்ள வெந்நீர்ப் பாத்திரத்தில் அதை இட்டு, கூட்டம் முடிவதற்குள் என்ன ஆகின்றதென்று பார்க்கலாம். இளைஞர்கள் முன்னே வருக.