‘வேண்டாம்’னு சொன்னா விட்டுடணும்!

(தலைப்பு: குழந்தையின் பயத்தைப் போக்குவது பெற்றோரின் கண்டிப்பா? பெற்றோரின் பொறுமையா? – ‘பொறுமையே’ அணியில் பேசியது)



ஐயா, எனக்கு முன்னால பேசின எதிரணிச் சகோதரர் ஒரு வார்த்தை சொன்னார். “நீச்சல் வரணும்னா கிணத்துல தூக்கிப் போடணும், பயம் தானா போகும்”னார். கைதட்டலும் வாங்கிட்டார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் காலத்துல கிணத்துல தூக்கிப் போட்ட சித்தப்பா, பிள்ளை இடுப்புல கயிறு கட்டினாரே, முதுகுல சுரைக்குடுக்கை கட்டினாரே, தானும் கூடவே தண்ணியில நின்னாரே, அதை ஏன் சொல்லலை? தூக்கிப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. பிடிச்சுக்கிட்டு நின்னது மறந்து போச்சு! (கைதட்டல்)

இன்னைக்குக் கிணத்துக்கு எங்கே போறது? இன்னைக்குப் பிள்ளைகளோட பயத்துக்குப் பரீட்சை நடக்கிற இடம் தீம் பார்க். பார்த்திருப்பீங்க. உயரமா ஒரு கோபுரம். சுத்தி நாற்காலி. உட்கார வச்சு, தோளுக்கு மேல பூட்டுப் போட்டு, மெதுவா மேலே கொண்டுபோவான். உச்சியில கொஞ்ச நேரம் நிறுத்துவான். ஊர் முழுக்கத் தெரியும். கட்டாத இ.எம்.ஐ. எல்லாம் ஞாபகம் வரும். (சிரிப்பு) அப்புறம் திடீர்னு விட்டுடுவான். அவ்வளவுதான், குடல் தொண்டைக்கு வந்துடும்.

அந்த வரிசையில ஒருநாள் நின்னு பாருங்க ஐயா. இந்தப் பட்டிமன்றமே அங்கே நடக்கும். எங்க குடும்பம் போயிருந்தபோது எங்களுக்கு முன்னால ஒரு அப்பாவும் எட்டு வயசுப் பையனும். பையன் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறான். “வேண்டாம்ப்பா, பயமா இருக்குப்பா.” அப்பா சொல்றார், “ஆம்பளைப் பிள்ளைதானே நீ? உன்னைவிடச் சின்னவன்லாம் ஏறுறான் பாரு. மானத்தை வாங்காதே.” அழ அழ ஏத்தினார். கீழே வந்தான். பயம் போச்சா? அதுக்கப்புறம் அந்தப் பையன் குட்டி ரயில்ல கூட ஏறமாட்டேன்னுட்டான். மூணு வயசுக் குழந்தைங்க ஏறுற ரயில் அது! கண்டிப்பு அங்கே என்ன செஞ்சது? கோபுரத்தோட நின்ன பயத்தைக் குட்டி ரயில் வரைக்கும் நீட்டிவிட்டது.

சரி, பொறுமை என்ன செய்யும்? முதல்ல, அந்தப் பயம் எதுன்னு உட்கார்ந்து விளங்கிக்கும்.

மேலிருந்து விழுகிற ஒரு பொருள் முதல் நொடியில ஏறக்குறைய 5 மீட்டர் விழும். ரெண்டு நொடியில ஏறக்குறைய 20 மீட்டர். ஆறேழு மாடி உயரம். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். கேக்கப் பெரிசா இருக்கு. ஆனா நேரத்தைக் கவனிங்க. நிஜமா விழுறது ரெண்டே நொடி. வரிசையில நிக்கிறது முக்கால் மணி நேரம். அப்போ பயம் எங்கே இருக்கு? கோபுரத்துல ரெண்டு நொடி இருக்கு, வரிசையில முக்கால் மணி நேரம் இருக்கு. அந்த முக்கால் மணி நேரம்தான் பெத்தவங்களுக்குக் கொடுத்த நேரம். அதை “ஆம்பளையா இரு”ன்னு அதட்டியும் கழிக்கலாம், பேசியும் கழிக்கலாம்.

என்ன பேசுறது? வயித்துல ஏன் அப்படிப் பண்ணுதுன்னு சொல்லலாம். நாம உட்கார்ந்திருக்கும்போது நாற்காலி நம்மைக் கீழேயிருந்து தாங்குது. நாற்காலியும் நாமும் சேர்ந்தே விழும்போது அந்தத் தாங்கல் இல்லை. உள்ளே இருக்கிற குடலுக்கும் தாங்கல் இல்லை. அதான் அந்த ‘ஜிவ்’வுங்கிற உணர்ச்சி. அது உடம்புக்கு வந்த கேடு இல்லை. ஊஞ்சல்ல உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வருதே, பஸ்ஸு பாலத்து மேட்டுல ஏறி வேகமா இறங்கும்போது வருதே, அதே உணர்ச்சிதான். “நீ ஊஞ்சல்ல சிரிச்சியே கண்ணு, அதோட அண்ணன்தான் இது”ன்னு சொன்னா குழந்தைக்குப் பாதி பாரம் இறங்கிடும்.

எங்க பொண்ணு வரிசையில ஒரு கேள்வி கேட்டா. நம்ம ஊர்ப் பிள்ளை வேற என்ன கேக்கும்? “அம்மா, விழும்போது கரண்ட் போயிட்டா என்ன பண்றது?” (சிரிப்பு)

நியாயமான கேள்விதானே! அதுக்கு அதட்டல்ல பதில் இல்லை, விஞ்ஞானத்துல இருக்கு. இந்த மாதிரிக் கோபுரங்கள் பலதுல காந்த பிரேக் வச்சிருக்காங்க. சக்திவாய்ந்த நிலைக்காந்தம் ஒரு பக்கம், செம்பு மாதிரி உலோகத் தகடு ஒரு பக்கம். ரெண்டும் வேகமா உரசாம கடக்கும்போது தகட்டுக்குள்ள தானாவே மின்சாரம் உண்டாகி, அது வேகத்தை எதிர்க்கும். 1831ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்ச மின்காந்தத் தூண்டல்தான் இதுக்கு அடிப்படை. எவ்வளவு வேகமா வருதோ அவ்வளவு பலமா பிடிக்கும். இதுக்கு வெளியிலேர்ந்து கரண்டே வேண்டாம். மின்வாரியம் கைவிட்டாலும் ஃபாரடே கைவிடமாட்டார்! (கைதட்டல்)

இதை வீட்டிலேயே காட்டலாம். ஒரு செம்புக் குழாய், அதுக்குள்ள தாராளமா போற அளவுக்கு ஒரு நல்ல காந்தம். குழாயை நட்டுக்க நிறுத்தி, காந்தத்தை மேலேர்ந்து போடுங்க. கல்லு மாதிரி விழாது. தூங்கி வழிஞ்சுக்கிட்டு இறங்கும். அதைக் கையால போட்டுப் பார்த்த பிள்ளை, கோபுரத்தைப் பார்க்கிற பார்வையே வேற.

நடுவர் ஐயா, எதிரணி கேக்கலாம், “பாடம் நடத்தினா பயம் போயிடுமா?” போகாது. படிப்படியாப் போகணும். 1924ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மையார் அமெரிக்காவுல செஞ்சு காட்டினாங்க. பீட்டர்னு ஒரு குழந்தை, மூணு வயசு கூட நிறையலை. முயலைக் கண்டா அலறுவான். அவங்க முயலைத் தூக்கி அவன் மடியில போடலை. அவன் சாப்பிடுற நேரத்துல, கூண்டோட தூரத்துல வச்சாங்க. இன்னொரு நாள் கொஞ்சம் கிட்டே. அப்புறம் இன்னும் கிட்டே. முயலுக்குப் பயப்படாத மற்றப் பிள்ளைகளையும் கூட விளையாட விட்டாங்க. கடைசியில அந்த முயல் அவன் விரலை மெல்லக் கொறிக்கிற அளவுக்கு வந்துட்டான். இன்னைக்குப் பயத்துக்கு வைத்தியம் பார்க்கிறவங்க இதே வழியைத்தான் பலவிதமாக் கையாளுறாங்க.

இன்னொண்ணு சொல்றேன், தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேக்கணும். 1985ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரு கண்ணாடி மேசை. ஒரு இடத்துல தரை திடீர்னு பள்ளமா இறங்குற மாதிரி கண்ணுக்குத் தெரியும். நிஜத்துல மேலே கண்ணாடி இருக்கு, விழாது. ஒரு வயசுக் குழந்தைங்களைத் தவழ விட்டாங்க. அந்தப் பக்கம் அம்மா. பள்ளத்து விளிம்புக்கு வந்த குழந்தை நின்னு, நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்க்குது. அம்மா முகம் மலர்ந்திருந்தப்போ 19 குழந்தைங்கள்ல 14 பேர் தாண்டி வந்தாங்க. அம்மா முகத்துல பயத்தைக் காட்டினப்போ 17 பேர்ல ஒருத்தர் கூடத் தாண்டலை!

பார்த்தீங்களா? அந்த அம்மா பிடிச்சுத் தள்ளலை. தூக்கிட்டும் போகலை. முகம் மலர்ந்து காத்திருந்தாங்க. தாண்டலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணினது குழந்தை. நம்ம முகம் கோபத்துல கறுத்திருந்தா, குழந்தை அதுல எதைப் படிக்கும்? “இங்கே ஏதோ ஆபத்து”ன்னுதான் படிக்கும்.

பெரியவங்க மட்டும் என்னவாம்? ஒரு காலத்துல லிஃப்டுல ஏறவே ஜனங்க பயந்தாங்க. கயிறு அறுந்தா உயிர் போயிடுமே! 1854ல நியூயார்க் கண்காட்சியில எலிஷா ஓட்டிஸ் என்ன செஞ்சார்? “ஏறுங்கடா கோழைங்களா”ன்னு கத்தலை. தானே ஒரு மேடையில ஏறி உயரப் போய், எல்லார் கண் முன்னாலயும் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி, பாதுகாப்பு பிரேக் பிடிச்சு நின்னுடுச்சு. 1857ல நியூயார்க்குல ஒரு கடையில ஜனங்க ஏறுற லிஃப்டே வந்தாச்சு. 1994ல பாருங்க வேடிக்கையை! ஃப்ளோரிடாவுல டிஸ்னிக்காரங்க 199 அடி உயரத்துல ஒரு கட்டடம் கட்டி, லிஃப்ட் அறுந்து விழுற மாதிரியே ஒரு ராட்டினம் அமைச்சாங்க. எதுக்குப் பயந்தாங்களோ, அதுக்குக் காசு கொடுத்து வரிசையில நிக்கிறாங்க! பயத்தை யாரும் அடிச்சு விரட்டலை. பார்க்க விட்டாங்க, பழக விட்டாங்க, அவ்வளவுதான்.

எங்க பொண்ணு கதைக்கு வர்றேன். முதல் தடவை அவ ஏறவே இல்லை. வேலி ஓரத்துல நின்னு, கோபுரம் விழும்போதெல்லாம் எண்ணினா. “ஒண்ணு… ரெண்டு… அவ்வளவுதானாம்மா?”ன்னு கேட்டா. சாயங்காலம் வரிசையில நின்னா. வாசல் வரைக்கும் போனா. பூட்டைப் பார்த்ததும், “அம்மா, இன்னைக்கு வேண்டாம்”னா. திரும்பிட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும், “முக்கால் மணி நேரம் போச்சே”ன்னு பெருமூச்சு விட்டார். அவர் முகத்துல இருந்த நிம்மதி எனக்குத்தானே தெரியும்! (பலத்த சிரிப்பு)

அடுத்த வருஷம் போனப்போ அவளே சொன்னா, “இன்னைக்கு ஏறலாம்.” நடுவுல அவ, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவங்க அப்பா. உச்சியில போய் நின்னுச்சு. அப்போ ஒரு சின்னக் குரல் கேக்குது. “அப்பா, கண்ணைத் திறங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க. ரெண்டே நொடிதான்.” (கைதட்டல்)

ஐயா, பயந்த குழந்தை அங்கே இன்னொருத்தருக்குத் தைரியம் சொல்ற ஆளாயிட்டா. இழுத்துட்டுப் போயிருந்தா இது வந்திருக்குமா?

எதிரணி பாரதியாரைத் துணைக்குக் கூப்பிட்டாங்க. நான் வள்ளுவரைக் கூப்பிடுறேன். பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம இருக்கிறது அறியாமைன்னு சொன்னவர் அவர். எல்லாப் பயமும் விரட்ட வேண்டிய பயம் இல்லீங்க. 2022 மார்ச்சுல, அமெரிக்காவுல ஆர்லாண்டோ நகரத்துல, இதே மாதிரி ஒரு கோபுரத்துல ஒரு சிறுவன் இருக்கையிலேர்ந்து நழுவி விழுந்து இறந்துட்டான். தயாரிச்ச கம்பெனி வச்ச எடை வரம்புக்கு மேல இருந்தவனை ஏத்தியிருந்தாங்க. அந்த இருக்கையோட சென்சாரைக் கையால மாத்தி வச்சிருந்தது விசாரணையில தெரிஞ்சது. அடுத்த வருஷம் அந்தக் கோபுரத்தையே பிரிச்செடுத்துட்டாங்க.

வாசல்ல உயர அளவுப் பலகை வச்சிருக்கிறது எதுக்கு? பூட்டு அந்த உடம்புக்குப் பொருந்தணுமேன்னு. நாம என்ன செய்றோம்? பஸ்ஸுல டிக்கெட் எடுக்கும்போது பிள்ளையோட வயசைக் குறைக்கிறோம், ராட்டினத்துல ஏத்தும்போது குதிகாலைத் தூக்கச் சொல்லி உயரத்தைக் கூட்டுறோம்! இது தைரியம் இல்லை ஐயா, ஆபத்து. இதயக் கோளாறு, கர்ப்பம், கழுத்துவலி, முதுகுவலின்னு பலகையில எழுதியிருந்தா, அதைப் படிச்சு ஒதுங்குறதும் தைரியம்தான். “அப்பா, என் பூட்டு லொடலொடன்னு இருக்கு”ன்னு ஒரு குழந்தை சொன்னா, “சும்மா இருடா பயந்தாங்கொள்ளி”ங்கிற வீட்டுல என்ன நடக்கும்? “நிறுத்துங்க, பார்க்கணும்”னு கையைத் தூக்குற வீட்டுல என்ன நடக்கும்? யோசிச்சுப் பாருங்க.

நிறைவா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். விளையாட்டா பேசிக்கிட்டு வந்தேன், இது விளையாட்டு இல்லை. ஒரு குழந்தை “எனக்கு வேண்டாம், பயமா இருக்கு”ன்னு சொல்லுதே, அது தன் உடம்பைப் பத்தி அது எடுக்கிற முதல் முடிவு. அந்த ‘வேண்டாமை’ அப்பாவே கேக்கலைன்னா, அம்மாவே சிரிச்சு ஒதுக்கினா, அந்தக் குழந்தை என்ன கத்துக்கும்? பெரியவங்க சொன்னா வாயை மூடிக்கிட்டு உட்காரணும்னு கத்துக்கும். நாளைக்குத் தப்பான ஒரு ஆள் கிட்டே வரும்போது, அதுக்கு ‘வேண்டாம்’னு கத்த வாய் வருமா? வீட்டுக்கு வந்து நம்மகிட்ட சொல்லத்தான் தோணுமா? சொன்னா கேப்பாங்கன்னு நம்புற பிள்ளைதான் சொல்லும். ராட்டினம் இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். போன நம்பிக்கை வராது.

‘வேண்டாம்’னா நிஜமாவே விட்டுடுவாங்கன்னு தெரிஞ்ச குழந்தைக்குத்தான், ‘சரி, ஏறலாம்’னு ஒருநாள் தானா சொல்லத் துணிச்சல் வரும். அந்த ஒருநாள் இந்த வருஷமே வரலாம். அடுத்த வருஷமும் வரலாம். வராமலே போனாலும் குடி முழுகிப் போயிடாது. அதுவரைக்கும் பக்கத்துல நிக்கிறதுதான் பெத்தவங்க வேலை. எனவே குழந்தையின் பயத்தைப் போக்குவது பெற்றோரின் பொறுமையே, பொறுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.