எல்லோரும் படிக்கும் ஒரே புத்தகம்

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, மாணவர், ஆசிரியர், ஊழியர், ஊர்மக்கள் எல்லோரும் படித்துக் கூடிப் பேசுவார்கள். அப்படிப் பேச வேண்டிய நூல், டீனா கிலியோ-விட்டேக்கர் எழுதி 2019-இல் வெளிவந்த 'ஆஸ் லாங் ஆஸ் கிராஸ் குரோஸ்'. பூர்வகுடிகளின் சுற்றுச்சூழல் நீதிப் போராட்டம் அதன் பொருள்.

அந்நூல் பேசும் ஒரு போராட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், டகோட்டா எண்ணெய்க் குழாயைப் பிஸ்மார்க் நகருக்கு வடக்கே பதிக்கும் யோசனை முதலில் இருந்தது. நகரின் குடிநீர்க் கிணறுகள் அருகே இருப்பதும் ஒரு காரணமாக, அது கைவிடப்பட்டது. பிறகு குழாய் வந்த இடம், ஸ்டாண்டிங் ராக் பூர்வகுடி மக்களின் குடிநீர் ஆதாரமான மிசௌரி ஆறு! அவர்களுடைய ஆற்றங்கரை நிலத்தை ஓஆஹி அணை ஏற்கெனவே மூழ்கடித்திருந்தது. 2016-இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தும், மறுஆண்டே எண்ணெய் ஓடியது. இது அநீதி.

ஆசிரியர்களே, உங்கள் கல்லூரியிலும் இவ்வாண்டு இப்படியொரு புத்தகத்தை எல்லோருமாகப் படியுங்கள்.