ரோஸ்கில்டேயில் கண்ட கப்பல்கள்



டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தைக் காண ஒரு பகல் போதவில்லை. எனினும் நெஞ்சில் நின்றவை, அருகிலுள்ள ரோஸ்கில்டே நகரில் கண்ட வைக்கிங் கப்பல்களே. பகைவர் வரும் கடல்வழியை அடைக்க, 11ஆம் நூற்றாண்டில் அவ்வூரார் கப்பல்களைக் கல்லேற்றி மூழ்கடித்தனர். 1962இல் அகழ்ந்தெடுத்த ஐந்தனுள் ஒன்று, 1042ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்டதென்பதற்கு அதன் மரவளையங்களே சான்று. அதில் எஞ்சியது சிறு பகுதிதான். இல்லாத பலகைகளுக்குப் புதுமரம் பொருத்தாமல், உலோகக் கம்பிகளால் வடிவத்தை மட்டுமே காட்டியிருந்தனர்.

அதன்முன் நெடுநேரம் நின்றேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், செல்லரித்த ஓலையொன்றின் இடைவெளியை என் ஊகத்தால் நிரப்பியிருந்தேன், அடைப்புக்குறிகூட இடவில்லை. தேர்வாளர் எவரும் அதனைக் கண்டிலர். அந்நூலின் மறுபதிப்பில் அவ்விடத்தைப் புள்ளிகளாகவே விட்டிருக்கிறேன்.