விருப்பாச்சி கோபால நாயக்கர்: ஒரு பாளையக்காரரின் வாழ்வு

ஆயக்குடிக்குக் கிழக்கே, பழனி மலையடிவாரத்தில் உள்ள விருப்பாச்சியை ஆண்டவர் கோபால நாயக்கர். ஆயக்குடி, இடையக்கோட்டை, கன்னிவாடி போல விருப்பாச்சியும் திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்று.

மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையக்காரர் வரி வசூலிப்பார், காவல் பார்ப்பார், வழக்குத் தீர்ப்பார், போர் வந்தால் படையோடு போவார். ஜப்பானின் டைம்யோக்கள் என்னும் நிலப்பிரபுக்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனால் அவர்கள் ராணுவ ஆட்சியாளரான ஷோகனின் எடோ நகரில் ஆண்டு விட்டு ஆண்டு தங்கியாக வேண்டும், மனைவி மக்களையும் அங்கேயே விட்டிருக்க வேண்டும். இங்கே பாளையக்காரர் மதுரைக்கு ஸ்தானாபதி என்ற ஒரு பிரதிநிதியை அனுப்பினால் போதும். எதிர்க்கத் துணிந்தவர்களுக்கு அந்தத் தளர்ச்சி வசதியாக இருந்தது.

1772இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் இறந்தார். அவர் மனைவி வேலு நாச்சியாரும் மகளும் விருப்பாச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். எட்டு ஆண்டுகள் அடைக்கலம் தருவது சின்ன விஷயமல்ல: ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியும் தேடுகிறவர்களைச் சீமைக்குள் வைத்துக் காக்க வேண்டும். திண்டுக்கல் அப்போது மைசூரின் ஐதர் அலி கையில் இருந்தது பெரிய பலம். அவர் தந்த படை உதவியோடு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டார்.

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஐதரின் மகன் திப்பு திண்டுக்கல்லைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கலெக்டர்கள் வந்தார்கள், பாளையக்காரரின் பழைய உரிமைகள் பறிபோயின. கோபால நாயக்கர் திண்டுக்கல் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்தார். சிவகங்கையின் மருது சகோதரர்கள், மைசூர்ப் பகுதியில் தூந்தாஜி வாக் ஆகியோரோடும் கைகோத்தார். 1800 ஜூன் 3 அன்று கோவைக் கோட்டையைப் பிடிக்கத் திட்டமிட்டார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்தது, பிடிபட்ட பலரைத் தூக்கிலிட்டார்கள். செப்டம்பரில் தூந்தாஜியும் போரில் இறந்தார். ஒரே நாளில் பல இடத்தில் எழ வேண்டிய கூட்டணி, கடிதப் போக்குவரத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. அதுதான் அதன் பலவீனம்.

1801இல் கும்பெனியின் கர்னல் இன்னிஸ் படை விருப்பாச்சியைப் பிடித்தது. மலைக்காட்டுக்குள் போன கோபால நாயக்கர் பிடிபட்டு, செப்டம்பர் 5 அன்று திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கேறினார்கள்.

விருப்பாச்சிப் பாளையத்தைக் கும்பெனி பறித்துக்கொண்டது. அண்டைப் பாளையமான ஆயக்குடியோ ஜமீனாகத் தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அதுவும் முடிந்தது.