மார்கழிக் குளியலும் கரண்ட் பில்லும்

வீட்டைச் சூடாக்க என்று சென்னையில் யாரும் காசு செலவழிப்பதில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மார்கழி விடியற்காலை 20 டிகிரியை நெருங்கினாலே குல்லாவும் மப்ளரும் வெளியே வந்துவிடும். ஆனாலும் அறைக்கு ஹீட்டர் வாங்குகிற அளவுக்குப் போவதில்லை. நம் பக்கத்துக் குளிர்காலச் செலவு குளியலறையில்தான் இருக்கிறது. ஏசி ஓய்ந்து, ஃபேனும் மெதுவாக ஓடும் டிசம்பர், ஜனவரியில் கரண்ட் பில் நன்றாக இறங்க வேண்டும். அப்படி இறங்கவில்லை என்றால் முதலில் கீசரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு எளிதுதான். மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர் காலையில் 22 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர், 40 டிகிரிக்குச் சூடாக 0.42 யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு பேர் குளிக்கும் வீட்டில் இரண்டு மாத பில்லுக்குள் இது சுமார் 100 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டுக்குச் சமமான மின்சாரம் வெந்நீருக்கே போய்விடுகிறது. இப்போது அதே தண்ணீர் போர்வெல்லிலிருந்து அப்போதுதான் ஏறியது என்றால்? நிலத்தடி நீர் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். சென்னைக்கு அது ஏறக்குறைய 28 டிகிரி. குளிர்கால விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதன் காரணம் இதுதான். 28-லிருந்து 40-க்குக் கொண்டுபோக 0.28 யூனிட் போதும். அதாவது மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதற்காக எதையும் வாங்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் போடும் மோட்டாரைக் காலை ஐந்து மணிக்கு மாற்றினால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தொட்டியில் பழைய தண்ணீர் நிறைய இருந்தால் புதியதும் அதோடு கலந்து ஆறிப்போகும். அதனால் ராத்திரித் தேவைக்குக் கால் தொட்டி வைத்துக்கொண்டால் சரி.

அடுக்குமாடியில் மோட்டார் நம் கையிலா இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் வாட்ச்மேன் மோட்டார் போடும் நேரத்தை முடிவு செய்வது அசோசியேஷன். அதன் கூட்டத்தில் லிஃப்ட் சண்டைக்கு நடுவே இதையும் பேசலாம். போர்வெல் இல்லாமல் மெட்ரோ வாட்டரையோ லாரித் தண்ணீரையோ நம்பியிருக்கும் இடங்களிலும், தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் நீர் மாடித் தொட்டி நீர் அளவுக்குக் குளிர்வதில்லை.

ஐந்து ஸ்டார் கீசர் வாங்கினால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. சேமிப்புத் தொட்டி உள்ள கீசருக்கு ஸ்டார் கொடுப்பது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைப் பார்த்துத்தான். நாள் முழுக்க சுவிட்சை அணைக்காத வீட்டுக்கு அந்த ஸ்டார் உதவும். குளிக்கும் முன் இருபது நிமிடம் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்து, கடைசி ஆள் உள்ளே போகும்போது அணைத்துவிடும் வீட்டுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 60 டிகிரியைத் தொட அந்த இருபது நிமிடமே போதும். சோலார் ஹீட்டர் நல்லதுதான், சொந்த மாடி உள்ள தனி வீட்டுக்கு. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்ட நாட்களில் அதற்கும் கரண்ட் துணை வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் தெருக்களில் அதன் குழாய்களிலும், கீசர் காயிலிலும் வெள்ளைவெள்ளையாகப் படியும் உப்பைச் சுரண்ட ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்து மிஞ்சுவது 33 யூனிட்தானே என்பதுதான் வலுவான ஆட்சேபம். உண்மை, பெரும்பாலான வீடுகளுக்கு அது இருநூறு ரூபாய்கூட வராது. ஆனால் நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மிச்சமாகும் யூனிட் எப்போதும் விலை கூடிய மேல்படியிலிருந்தே கழியும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதிகப்படி யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் போய்விடும். 520, 530 என்று மீட்டர் நிற்கும் வீட்டுக்கு இந்த 33 யூனிட் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கப் போதுமானது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களுடைய வெந்நீரில் கைவைக்க வேண்டியதே இல்லை. மோட்டார் போடும் நேரம் மாறுவதால் அவர்களுக்கு ஒரு சொம்புகூடக் குறையாது.