புறக்கடைச் செல்வம்



மாட்டுக்குத் தொழுவம் உண்டு. ஆட்டுக்குப் பட்டி உண்டு. கோழிக்கோ கவிழ்த்துவைத்த ஒரு கூடையே வீடு. களத்தில் சிந்திய நெல்லையும், குப்பைமேட்டில் நெளியும் புழுவையும், அடுக்களையினின்று வந்த கழிவையும் கிளறித் தின்று, அது முட்டையாகவும் இறைச்சியாகவும் திருப்பித் தருகின்றது. செலவின்றி வளர்கின்ற கரணியத்தால், பேணுவாரின்றியும் அது வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணிவிட்டனர். இவ்வெண்ணமே புறக்கடைக் கோழிக்கு முதற்பகை. செலவின்மை வேறு, பேணாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் சிற்றூர்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் இழப்பது கொஞ்சமன்று.

கோழிக்கும் உழவனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தாய்லாந்தின் நடுப்பகுதியில் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்திலேயே காட்டுக்கோழி வீட்டுக்கோழியாயிற்று என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. நெல்லும் தினையும் விளைந்த நிலத்தில், சிந்திய கூலத்தை நாடிக் காட்டினின்று இறங்கிய பறவை, மெல்ல மனையருகே தங்கிற்றாம். வேட்டையாடிப் பிடித்து அடக்கியதன்று. சிந்திய மணியைத் தேடித் தானே வந்தது! அவ்வுறவில் தென்னாட்டிற்கும் பங்குண்டு. பல வீட்டுக்கோழிகளின் கால் மஞ்சளாயிருப்பதற்குக் கரணியமான மரபுக்கூறு, தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008இல் அறிவியலார் கண்டறிந்தனர்.

பழந்தமிழர் இப்பறவையை எளிதாக எண்ணியவரல்லர். தொல்காப்பிய மரபியல், பெண்கோழிக்கு 'அளகு' என்னும் பெயரை வரையறுத்து வைத்துள்ளது. சோழர் தலைநகராகிய உறையூர்க்குக் 'கோழி' என்பதே மறுபெயர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரிட்டு மாண்ட சேவலுக்கு எடுத்த நடுகல் ஒன்று, சேவலின் உருவோடும் எழுத்தோடும் கண்டெடுக்கப்பட்டுள்ளது. ஊரின் பெயராகவும் நடுகல்லின் உருவாகவும் நின்ற பறவையை, இன்று மருந்தில்லா நோயாளிபோல் குப்பைமேட்டில் சாகவிடுவது முறையாகுமா?

நூல்வழக்கை விட்டுச் சிற்றூர்த் தாய்மார் நாவிற்கு வருவோம். அங்கே கோழி பற்றிய சொல் ஒவ்வொன்றும் ஒரு செயலைக் கற்பிக்கின்றது. முட்டையிடும் பருவத்தை அடையும் இளங்கோழியை 'விடை' என்பர். அது மூலை மூலையாய் நுழைந்து ஒருவகைக் குரலெழுப்பின் 'கோழி கேருகின்றது' என்பர். அச்சொல்லைக் கேட்டவுடன் வைக்கோலிட்ட கூடையை நிழலில் வைக்கவேண்டும்; இல்லையேல் முட்டை வேலியோரத்தில் கிடந்து பாம்புக்கோ கீரிக்கோ இரையாகும். இட்ட முட்டைகளை மணல் பரப்பிய சட்டியில், குளிர்ந்த இடத்தில் வைப்பர். பத்து நாளைக் கடந்த முட்டை பொரிப்பது அரிது; ஆகலின் புதியனவற்றையே தேர்ந்து, கோழியின் உடலுக்கு அடங்குமாறு பத்து முதல் பதினைந்து வரை அடைவைப்பர்.

அடையிருக்கும் கோழி 21 நாள் தவங்கிடக்கும். நாளுக்கொருமுறையே எழுந்து இரையும் நீரும் கொள்ளும். அவ்விரண்டும் அருகிலேயே இருப்பின் முட்டைகளின் சூடு ஆறாது. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருக்கொண்டதில் செந்நரம்பு தோன்றும், கருக்கொள்ளாதது தெளிவாயிருக்கும். அதனை அப்போதே எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் கெட்டுக் கூமுட்டையாகி வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

குஞ்சு பொரித்த பின்னர்ப் பஞ்சாரத்தின் வேலை தொடங்கும். காகமும் பருந்தும் பூனையும் எடுத்துச்செல்வது முதற் சில கிழமைகளிலேதான் மிகுதி. பகலில் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து நொய்யும் நீரும் வைப்பது குஞ்சுகளுக்குக் காவலாம். குஞ்சுக்கு ஊட்டமான இரை கரையான். பழஞ்சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைப் பானையிலிட்டு, நீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்துவைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். காசு கொடாமல் கிடைக்கும் இப்புரதத்தை எந்தக் கடையும் விற்பதில்லை.

இவ்வளவும் எழுத்தறியாத பாட்டியர் அறிந்திருந்தவை. 'கேருதல்', 'அடை', 'கூமுட்டை', 'பஞ்சாரம்' என்னும் சொற்களை அறியாத பேத்திக்கு, அச்சொற்களுக்குள் இருந்த தொழிலும் தெரியாமற்போகின்றது.

பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றதே, நாட்டுக்கோழி 60 முதல் 80 வரைதானே இடுகின்றது என்று சிலர் வினவுவர். உண்மையே. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளால் முட்டை ஏழையர்க்கும் எட்டுகின்றது, அதனைப் பழிக்கவேண்டுவதில்லை. ஆயினும் பண்ணைக்கோழி அடைகாப்பதை மறந்துபோன கோழி. அதற்குத் தீனியும் கூடும் குஞ்சும் விலைகொடுத்து வாங்கப்படுவன. நாட்டுக்கோழியோ தன் இனத்தைத் தானே பெருக்கித் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். பண்ணை, முதலுடையார் தொழில். புறக்கடை, முதலில்லாதார் துணை. பிள்ளைக்குச் சுவடி வாங்கவும், திடீரென வந்த காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும், எவரிடமும் கைநீட்டாமல் ஒரு தாய் விற்கக்கூடிய சொத்து அவளுடைய கோழியே. அது செத்தால் அவளுடைய கைப்பொருள் செத்தது என்பதே பொருள்.

அச்சாவை மிகுதியும் விளைப்பது வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக்கழிச்சல் நோய். 1926இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்நச்சுயிரி நோய், 1927இல் இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேட்டில் காணப்பட்டு அவ்வூர்ப் பெயரையும் பெற்றது. வெண்மையும் பச்சையுமாய்க் கழிதல், வாய்திறந்து மூச்சிழுத்தல், கால் இறக்கை முடங்குதல், கழுத்துத் திருகல் ஆகியவை இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத மந்தையில் நுழைந்தால் ஏறத்தாழ அனைத்தையும் கொன்றுவிடும். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டுக் கிழமை நிரம்பியபின் இறக்கையடியில் ஓர் ஊசி. அதன்பின் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும். அரசு கால்நடை மருந்தகத்தை நாடினால் இதற்கு வழி கிடைக்கும். மருந்து குளிர்ச்சியிலேயே இருத்தல் வேண்டும்; வெயிலில் கொண்டுவந்த மருந்து வெறும் நீரே. ஒரு வீட்டார் மட்டும் போட்டுக்கொள்வதினும், தெருவே ஒருநாள் குறித்துப் போட்டுக்கொள்வது சிறப்பு.

இங்கே ஒரு கடுஞ்சொல் சொல்லவேண்டியுள்ளது. மந்தையில் ஒன்றிரண்டு தலைதொங்கத் தொடங்கியவுடன், எஞ்சியவற்றை விரைந்து சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர் பலர். அவர்கள் விற்பது கோழியையன்று, நோயை. வாங்கிச்செல்லும் ஏழைத்தாயின் மந்தையும் அவளுடைய அண்டை வீட்டார் மந்தையும் அடுத்த கிழமையில் அழியும். செத்ததைக் குளத்திலும் தெருவிலும் எறிவதும் அதே கொடுமை. நோயுற்றதைத் தனியே பிரிப்பதும், செத்ததை ஆழக்குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதும், நோய் தீருமட்டும் விற்காமலும் வாங்காமலும் இருப்பதும் அயலார்க்குச் செய்யும் அறம்.

ஒரு கணக்கைக் கொள்க. ஓர் அளகு ஆண்டுக்கு மும்முறை அடைகாத்து, முறைக்குப் பத்துக் குஞ்சு பொரிக்கின்றது. அம்முப்பதில் பத்துத் தப்புவது பேணாத வீடு. இருபது தப்புவது பேணிய வீடு. தாய்க்கோழி ஒன்றே; பயன் இருமடங்கு. இடையில் நின்றது ஒரு பஞ்சாரமும், ஒரு பானைக் கரையானும், ஒரு சொட்டு மருந்தும், சிறிது கண்காணிப்புமே!

சிந்திய மணியைத் தேடி மனைக்கு வந்த பறவை, அம்மணிக்கு ஈடாக முட்டையும் குஞ்சும் தந்துவருகின்றது. அதற்குத் தரவேண்டிய காவலைத் தருவது வீட்டார் கடன். இன்று மாலை வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தத்தம் கோழிகளை எண்ணிப்பார்த்து, தடுப்பூசிக்குரிய நாளைக் குறித்துவைத்தால் இப்பேச்சு பயன்பெற்றதாகும்.